கர்னல் டார்கோவின் ஆறாவது பதக்கம்

சேதுராமன் நம்பாத ஆட்களில் முதல் இடம் பட்டாளத்துக்காரர்களுக்குத்தான். ரங்கூனில் ஒரு செட்டியார் கடையின் அடுப்படியில் இருந்தபோது, குண்டு விழுந்த மறுநாள் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் வந்து, "பயப்பட வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே அவன் கப்பலேறினான். சேதுராமன் காட்டுவழி நடந்து ஊர் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து, பித்தளைப் பொத்தான் வைத்த சட்டைக்காரன் எவன் பேசினாலும் அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார்.

அப்படிப்பட்டவர் அறுபது வயதில், ஜெர்மனியில், பான் நகரத்தை ஒட்டிய பாட் கோடெஸ்பெர்க்கில், ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டுச் சமையல்காரராக இருந்தார் என்றால் அது வயிறு செய்த வேலை. தேவகோட்டையிலிருந்து அவரைக் கூட்டிவந்த இந்தியத் தூதரக அதிகாரி, மாற்றலாகிப் போகும்போது, "அடுத்த மாசம் உனக்கு டிக்கெட் அனுப்பறேன்" என்றார். டிக்கெட் வரவில்லை. அவரையும் சேதுராமன் நம்பாதவர்களோடு சேர்த்துக்கொண்டார். அந்தச் சமயம் கானா நாட்டுத் தூதரகத்தின் ராணுவப் பிரதிநிதி கர்னல் க்வாபெனா டார்கோவுக்குக் காரமாகச் சமைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

முதல் நாள் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கர்னல் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார், சுத்தத் தமிழில்.

சேதுராமன் கரண்டியோடு நின்றுவிட்டார். "தமிழ் எங்க சார் திருடினீங்க?" என்று, தூதரக வீட்டில் காதால் கற்ற உடைந்த இங்கிலீஷில் கேட்டார்.

"மெட்ராஸ் பக்கம் முகாம். பர்மா சண்டை முடிஞ்சு ஊருக்குக் கப்பல் வர்ற வரைக்கும் எங்களை அங்கே வெச்சிருந்தாங்க" என்றார் கர்னல். "சூடு. சீக்கிரம். இன்னும் கொஞ்சம். நாளைக்கு வா."

"நாளைக்கு வான்னு யாரு சொன்னது?"

"துணி வெளுக்கிறவர். தினமும் சொன்னார்."

இது உண்மையாகத்தான் இருக்கும் என்று சேதுராமனுக்கே தோன்றியது. இருந்தாலும் ஒரு நாள் பேச்சை வைத்து ஆளை எடைபோட அவர் தயாராக இல்லை.

கர்னலின் கதை கொஞ்சம் கொஞ்சமாக அடுப்படி மேஜையில் வெளிவந்தது. சேதுராமன் அவருடைய பதக்கங்களைப் புளி போட்டுத் துலக்கும்போது, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்று போலீஸ்காரன் மாதிரி கேட்பார். கோக்கோ தோட்டத்தில் பிறந்த பையன், பர்மாக் காட்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் தலையில் பெட்டி சுமக்கிறவனாகச் சேர்ந்திருக்கிறான். துப்பாக்கிகூடக் கொடுக்கவில்லை. பெட்டி சுமந்த இடத்திலிருந்து சிப்பாய், சார்ஜெண்ட், அப்புறம் இங்கிலாந்தில் பயிற்சி, நாடு விடுதலையானபோது கேப்டன், காங்கோவில் ஐக்கிய நாடுகள் சபைப் படையில் மேஜர், அப்புறம் கர்னல். மொத்தம் ஐந்து பதக்கம்.

பதவி உயர்வு அங்கேயே நின்றுபோனது. அவர் ஊரில் ஆட்சி கவிழ்ந்த அன்று காலை கர்னல் டார்கோ குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கவிழ்த்தவர்கள், "நம்மோடு வராமல் படுத்துக்கொண்டான்" என்றார்கள். கவிழ்ந்தவர்கள், "தெரிந்துதான் படுத்துக்கொண்டான்" என்றார்கள். இரண்டு பக்கமும் நம்பாத ஆளை என்ன செய்வது? பானுக்கு அனுப்பிவைத்தார்கள்.

"வயித்தைக் காட்ட வேண்டியதுதானே? தையல் இருக்குமே" என்றார் சேதுராமன்.

"காட்டினேன். பழைய தையல்னு சொல்லிட்டாங்க."

கர்னல் இதைச் சொல்லும்போதும் சிரிக்கவில்லை. சிரிப்பே இல்லாத மனிதர். காலுறையைக்கூட இஸ்திரி போடச் சொல்கிற ஆள். செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண் பிள்ளைக்கு அவர் ஊரில் க்வாபெனா என்றுதான் பெயர் வைப்பார்களாம். செவ்வாய் பிடித்த ஜாதகம் இப்படித்தான் இழுத்தடிக்கும் என்று சேதுராமன் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். காசு விஷயத்தில் மட்டும் கர்னல் நேர்மை. திட்டியதும் இல்லை. அதுதான் சேதுராமனுக்குச் சந்தேகம். திட்டாத முதலாளி என்றைக்காவது ஒரு நாள் மொத்தமாகத் திட்டுவான்.

எழுபத்தொன்றாம் வருஷம் தை முடிகிற சமயம் கானா தலைநகர் அக்ராவிலிருந்து செய்தி வந்தது. மேஜர் ஜெனரல் ஓஃபோரி என்பவர் ஐரோப்பாவுக்கு வருகிறார். கர்னல் டார்கோவை நேரில் பார்த்து முடிவு செய்யப் போகிறார். பிரிகேடியர் ஆக்கி அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியை அவர் கையில் கொடுப்பதா, கைகுலுக்கி ஓய்வு கொடுப்பதா என்று. பதவி வராவிட்டால் கோடையில் ஓய்வு வயது வந்துவிடும்.

"அந்தப் பள்ளிக்கூடம் உங்களுக்கு வேணுமா சார்?" என்று கேட்டார் சேதுராமன்.

கர்னல் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பூட்ஸை முடித்துக் கீழே வைத்தார். பிறகு, "பெட்டி தூக்கினவன் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்னு பையன்களை உள்ளே கூப்பிடணும், சேது. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

சேதுராமன் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேட்காமலே ரசம் வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு ஆச்சரியம் நடந்தது. பான் ஊர்க்காரர்கள் ஏதோ சங்கக் கூட்டத்துக்குக் கர்னலை அழைத்திருந்தார்கள். போய்விட்டுத் திரும்பியவர் உதட்டில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் பட்டு நாடா. நாடாவில் ஒரு பதக்கம். சாதாரணப் பதக்கமா? தேநீர்த் தட்டு அகலம். தங்க முலாம், சிவப்பும் நீலமுமாக எனாமல், நடுவில் கழுதைமேல் ஒரு மனிதன்.

"என்ன சார் இது?"

"ஒண்ணுமில்லை சேது" என்று கர்னல் வெட்கப்பட்டார். கழற்றிக் காலுறைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் சேதுராமன் அதை எடுத்துப் பார்த்தார். கழுதைமேல் போகிறவர் ஏசுநாதராகத்தான் இருக்கவேண்டும். தேவகோட்டை மாதாகோவிலில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். இவர் முகம் கழுதையின் வால் பக்கம் திரும்பியிருந்தது. செய்தவன் கைப்பிசகு என்று நினைத்துக்கொண்டார். ஆக, இது சர்க்காரும் கோவிலும் சேர்ந்து கொடுத்த பெரிய விருது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வழக்கம்போல பார்த்தசாரதி வந்தான். பான் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் ஆராய்ச்சி செய்கிற பையன். மூன்றாவது முறை சாம்பார் ஊற்றும்போது சேதுராமன் பதக்கத்தைக் காட்டினார்.

"அண்ணே, இது கார்னிவல் ஐட்டம். இங்க ஊரே வேஷம் போட்டுக் கூத்தடிக்கிற திருவிழா" என்றான் அவன், வாயில் சோற்றோடு. "கோமாளி சங்கம் கொடுக்கறது. ஜஸ்ட் ஜோக்குக்கு."

"ஜோக்குக்கு எவனாச்சும் எனாமல் பூசுவானா?"

"இவங்க பூசுவாங்கண்ணே. ஜோக்கைக்கூடச் சீரியஸாத்தான் பண்ணுவாங்க."

இதே பார்த்தசாரதிதான் போன மாதம், இந்த ஊரில் நாய்க்கு வரி கட்டுகிறார்கள் என்று சொன்னவன். நாய்க்கு வரி என்று வாய் கூசாமல் சொன்னவன் பேச்சை எப்படி நம்புவது? சேதுராமன் பதக்கத்தை வாங்கித் துடைத்து உள்ளே வைத்தார்.

அதோடு, அன்று சாயங்காலமே டெலிவிஷனில் சாட்சியும் கிடைத்தது. நீளமான மேஜை. பின்னால் பதினொரு ஆண்கள். எல்லோர் கழுத்திலும் இதே மாதிரி பதக்கங்கள். சீருடைப் பட்டாளம் அணிவகுத்து வந்தது, பாண்டு முழங்கியது, தலைவர் எழுந்தால் எல்லோரும் எழுந்தார்கள். மேடையில் ஒருவன் முகத்திலும் சிரிப்பில்லை. தலையில் மட்டும் இறகு வைத்த விசித்திரக் குல்லாய். ஆனால் தலையில் பஞ்சு முடியை வைத்துக்கொண்டு தூக்குத்தண்டனை எழுதிய வெள்ளைக்கார ஜட்ஜைப் பற்றி அவர் கேள்விப்பட்டவர். குல்லாயை வைத்து ஒரு சபையை இளக்காரமாக நினைக்க முடியுமா?

கர்னல் ஏன் கர்னலாகவே நின்றுபோனார் என்பது இப்போது அவருக்குப் புரிந்தது. கிடைத்ததைக் காட்டத் தெரியாத மனிதர். இத்தனை பெரிய விருதைக் காலுறைக்குள் ஒளித்து வைத்தால் எந்த ஜெனரலுக்குத் தெரியும்?

அக்ராவில் தேதி குறித்தவர்களுக்குப் பான் ஊரின் வழக்கம் தெரியாது. ஜெனரலின் மதிய விருந்து திங்கட்கிழமை என்று வைத்துவிட்டார்கள். கார்னிவல் ஊர்வலம் போகிற திங்கட்கிழமை. ஊரே தெருவில் இருந்தது. ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து ஹெர் ஷ்மிட்ஸ் என்ற அதிகாரியையும் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். ரைன் ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அன்றைக்குப் போய் மேஜையில் உட்காரச் சொன்னதில், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து சேர்ந்தார். கோட்டை வாங்கி மாட்டும்போது அதன் பையில் ஒரு சிவப்பு ரப்பர் மூக்கு இருந்ததைச் சேதுராமன் பார்த்தார். பெரிய உத்தியோகக்காரன் பையில் மூக்கு எதற்கு? இந்த ஆளையும் கொஞ்சம் கவனிக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

பதக்கத்தை அவர் காலையிலேயே தைத்துவிட்டிருந்தார். ஐந்து பதக்கங்களுக்குக் கீழே, நடு நெஞ்சில், இரட்டை நூலில். இனிச் செய்யவேண்டியது ஒன்றுதான். கர்னலைக் கண்ணாடிப் பக்கம் போகவிடக்கூடாது.

கர்னல் வெறும் சட்டையோடு அடுப்படியில் நின்று, கோழி போட்ட நிலக்கடலைச் சாற்றை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் மணி அடித்தது.

"வந்துட்டாங்க. கையை நீட்டுங்க" என்று சேதுராமன் பின்னாலிருந்து கோட்டை மாட்டி, முன்னால் வந்து, மாப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரி பொத்தானைப் போட்டார். "தலையைத் தூக்குங்க சார். காலர் மடங்கியிருக்கு. இன்னும் தூக்குங்க. அப்பிடியே போங்க, குனியாதீங்க."

கர்னல் குனியவில்லை. நிமிர்ந்தபடியே போய்ச் சல்யூட் அடித்தார்.

ஜெனரல் ஓஃபோரி கர்னலைவிடப் பத்து வயதாவது இளையவர். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். பதில் சல்யூட் அடித்த கை ஒரு கணம் கூடுதலாக நெற்றியில் நின்றது. கண் கர்னலின் நெஞ்சில் இருந்தது. ஆனால் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார்.

ஹெர் ஷ்மிட்ஸ் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் பார்த்தார். கரண்டி அங்கேயே நின்றது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது, அடுப்பில் அப்பளம் உப்புகிற மாதிரி. எழுந்து நின்று, வலது கையை இடது நெற்றியில் வைத்துக் கர்னலுக்கு ஒரு கோணல் சல்யூட் அடித்தார். கர்னல் விழித்தார்.

"கர்னல்" என்றார் ஜெனரல். "உங்கள் ஐந்து பதக்கங்களை எனக்குத் தெரியும். இந்த ஆறாவது எந்தப் போருக்கு?"

கர்னல் குனிந்து பார்த்தார்.

சேதுராமன் சாற்றுப் பாத்திரத்தோடு கதவோரம் நின்றார். கர்னலின் காது மடல் துடிப்பது அங்கிருந்து தெரிந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது. பார்த்தசாரதி சொன்னது உண்மை. அப்படியானால் நாய் வரியும் உண்மை.

"அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விருது அணிவது குற்றம். தெரியுமல்லவா?" என்றார் ஜெனரல்.

"தெரியும் சார். இது விருதும் இல்லை. கார்னிவல் சங்கத்தின் வேடிக்கைப் பதக்கம்."

"அப்படியானால் சீருடையைக் கேலி செய்திருக்கிறீர்கள். அது இன்னும் மோசம். யார் வேலை?"

இப்போது விரல் தன் பக்கம் நீளும் என்று சேதுராமன் காத்திருந்தார். முப்பத்தைந்து வருஷமாக எல்லா முதலாளி வீட்டிலும் இந்த இடத்தில் விரல் நீண்டிருக்கிறது. உப்புக் கூடினாலும் நீளும், விருந்தாளி கோபித்துக்கொண்டாலும் நீளும். கர்னலின் கை மேஜைமேல் அசையாமல் இருந்தது.

"என் நெஞ்சில் இருப்பதற்கு நான்தான் பொறுப்பு சார். பார்க்காமல் வெளியே வந்தேன். என் தப்பு."

சேதுராமன் பாத்திரத்தை மேஜைமேல் வைத்தார். சத்தம் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"நான் தெச்சேன்" என்றார், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "அவருக்குத் தெரியாது. அவரு இதைக் காலுறைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாரு. இவரு விவரமில்லாத ஆளு, நாமதான் காட்டணும்னு நான் தெச்சேன்."

ஜெனரல் திரும்பினார். "நீ யார்?"

"சமையக்காரன்."

"சமையல்காரன் ஏன் கர்னலுக்குப் பதக்கம் குத்துகிறான்?"

"வேற யாரும் குத்தலையே சார்" என்றார் சேதுராமன். வந்தது வரட்டும் என்று ஆகிவிட்டது அவருக்கு. "தலையில பெட்டி தூக்கின ஆளு. இத்தனை வருஷத்துல அஞ்சுதான். எல்லாம் சின்னச் சின்னது. இது ஒண்ணுதான் பெரிசு. பெரிய மனுஷன் கண்ணுக்குப் பெரிசாத் தெரியட்டும்னு பார்த்தேன். கழுதை மேல இருக்கறது ஏசுநாதர்னு நெனச்சேன்."

ஹெர் ஷ்மிட்ஸ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?" என்று ஜெனரல் கேட்டார்.

"மன்னிக்கவேண்டும். நான் இந்த ஊர்க்காரன் ஜெனரல். இந்தப் பதக்கத்துக்கு எத்தனையோ வருஷமாக ஆசைப்படுகிறேன். எனக்குக் கொடுக்கவில்லை. நீ பேசினால் தூக்கம் வருகிறது என்கிறார்கள்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதக்கம் கொடுத்த அன்றைக்கு நானும் கூட்டத்தில் இருந்தேன். உங்கள் கர்னல் மேடையேறி, ஜெர்மன் மொழியில், ஆட்சி கவிழ்ந்த அன்று தான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கதையைச் சொன்னார். இரண்டு பக்கமும் வந்து வயிற்றைத் திறந்து தையலைப் பார்த்த கதையை. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். மண்டபமே நாற்காலியிலிருந்து விழுந்தது."

ஜெனரல் கர்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தையலைப் பார்க்க வந்தவர்களில் ஒருவன்" என்றார் ஜெனரல்.

"நினைவிருக்கிறது சார்" என்றார் கர்னல். "நீங்கள்தான் பழைய தையல் என்றீர்கள்."

பிறகு ஜெனரலின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. முதலில் இருமல் மாதிரி ஒன்று வந்தது. அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷ்மிட்ஸ் கூடச் சேர்ந்துகொண்டார். கர்னல் கடைசியாகச் சேர்ந்தார், அனுமதிக்குக் காத்திருந்தவர் மாதிரி.

"உங்கள் கோப்பு நாலு வருஷமாக என் மேஜையில் இருக்கிறது டார்கோ" என்றார் ஜெனரல், கண்ணாடியைத் துடைத்தபடி. "அதில் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஆள் கல்லா, மனிதனா என்று தெரியாமல் பையன்களை எப்படி ஒப்படைப்பது? சரி. சிரிப்பு விஷயம் தெரிந்துவிட்டது. சமையல்காரனைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. சாறு ஆறுகிறது."

சாறு ஆறித்தான் போயிருந்தது. சேதுராமன் சூடு பண்ணிக்கொண்டு வந்தார். ஜெனரல் மூன்று முறை வாங்கிக்கொண்டார். இது நல்ல அறிகுறிதான். ஆனால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கழுத்தறுத்தவர்களையும் சேதுராமன் பார்த்திருக்கிறார்.

தூரத்தில் பாண்டு சத்தம் கேட்டது. ஷ்மிட்ஸ் ஜன்னலையே பார்த்தார், பள்ளிக்கூட மணிக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. ஜெனரல் கைத்துண்டை மடித்து வைத்தார். "பதக்கம் இன்றைக்கு இருக்கட்டும். அதைக் கொடுத்தவர்களை நானும் பார்க்கவேண்டும்" என்றார்.

சேதுராமனையும் கூட்டிக்கொண்டு காரில் பானுக்குப் போய், தெரு மறித்திருந்த இடத்தில் இறங்கி நடந்தார்கள். குளிர். ஷ்மிட்ஸ் முதல் வேலையாகச் சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டார். தெரு முழுக்க ராஜா, ராணி, கடற்கொள்ளைக்காரன், கரடி. அதற்கு நடுவில் இரண்டு நிஜ ராணுவ அதிகாரிகள் சிவப்புப் பட்டை வைத்த தொப்பியோடு நடந்தார்கள். நிஜம் என்று ஒருவரும் நம்பவில்லை.

பூனை வேஷம் போட்ட ஒரு தடித்த அம்மாள் ஜெனரலின் தோள்பட்டையைத் தடவிப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"இந்த உடுப்பை எந்தக் கடையில் வாடகைக்கு எடுத்தீர்கள் என்கிறாள்" என்று ஷ்மிட்ஸ் மொழிபெயர்த்தார். "நன்றாகத் தைத்திருக்கிறார்களாம். ஆனால் உங்கள் நண்பருடைய பதக்கம்தான் அசலாம்."

"அக்ராவில் என்று சொல்லுங்கள்" என்றார் ஜெனரல்.

பிறகு அவள் சேதுராமனைப் பார்த்தாள். தலையில் குரங்குக் குல்லாய், தூதரக அதிகாரி விட்டுப்போன நீள ஓவர்கோட், அதன் கீழே வேட்டி நுனி, பூட்ஸ். அவள் கைதட்டினாள். முதல் பரிசு இவருக்குத்தான் என்றாளாம்.

"நான் வேஷம் போடலைன்னு சொல்லுங்க" என்றார் சேதுராமன். ஷ்மிட்ஸ் சொன்னார். அவள் இன்னும் பலமாகக் கைதட்டினாள்.

ஊர்வல வண்டிகள் வந்தன. மேலே நின்றவர்கள் கை கையாக அள்ளி மிட்டாயும் சாக்லேட்டும் வீசினார்கள். கூட்டம், "அலாஃப்" என்று வாழ்த்திக் கத்தியது. ஒரு வண்டியில் டெலிவிஷனில் பார்த்த அதே குல்லாய்க்காரர்கள். கர்னலைக் கண்டதும் ஒரு மூட்டையையே கவிழ்த்தார்கள். சாக்லேட் மழை கர்னலின் தலையிலும் தோளிலும் விழுந்தது. பர்மாவில் பெட்டி சுமந்த தலை. அவர் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாயைத் திறந்து சிரித்தார். "இன்னும் கொஞ்சம்" என்று தமிழில் கத்தினார். வண்டியில் இருந்தவர்களுக்கு என்ன புரிந்ததோ, இன்னும் கொஞ்சம் போட்டார்கள்.

ஜெனரலின் கை வெறுமையாக இருந்தது. அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை, எல்லாம் கரடி வேஷக்காரன் கொண்டுபோனான். அவர் தன் தொப்பியைக் கழற்றிக் கர்னல் பக்கம் நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் போடுங்கள், பிரிகேடியர்."

கர்னலின் கை நின்றது. அவர் ஜெனரலைப் பார்த்தார். ஜெனரல் தொப்பியை நீட்டியபடியே நின்றார். கர்னல் நிமிர்ந்து, தன் தொப்பியில் இருந்தது முழுவதையும் ஜெனரலின் தொப்பிக்குள் கொட்டினார். கண்ணில் தண்ணீர். குளிருக்கு வருவதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"கேட்டியா சேது?" என்றார்.

"கேட்டுது" என்றார் சேதுராமன். "காகிதத்துல எழுதி வரட்டும். அதுக்கு அப்பறம் நம்பலாம்."

சொல்லிவிட்டு, தன் காலடியில் விழுந்திருந்த ஒரு சாக்லேட்டைக் குனிந்து எடுத்து, உறையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். நல்ல சாக்லேட்தான். வாயில் போட்டுக்கொண்டு, ராத்திரிக்குப் பாயசம் வைக்க வீட்டில் ஜவ்வரிசி இருக்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்தார். காகிதம் வராமல் போனாலும் பாயசம் வீணாகாது.